இடம் பெயராத சாமி

அமெரிக்கப் பழங்குடிச் சிந்தனையாளர் வைன் டிலோரியா ஜூனியரின் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளுத்தாத்தா சாஸ்வே, யாங்டன் டகோட்டா மக்களிடம் பேர்பெற்ற மருத்துவர். கனவில் சேதி கண்டு நோய் தீர்த்தவர். தாத்தா பிலிப், எபிஸ்கோபல் சபையின் பாதிரியார். வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் பலிபீடத்துக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் சிலைகளில் அவருக்கும் ஒன்று உண்டு. அப்பாவும் பாதிரியார்தான். 1933-இல் பிறந்த வைன், லூத்தரன் இறையியல் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கினார். பிறகு 1973-இல் 'காட் இஸ் ரெட்' என்ற புத்தகத்தை எழுதி, அப்பாவும் தாத்தாவும் போதித்ததை விட்டுவிட்டுக் கொள்ளுத்தாத்தா பக்கம் போய் நின்றார். ஒரு வீட்டுக்குள்ளேயே நான்கு தலைமுறையில் ஒரு சுற்று முடிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவன் நான். மதங்களை ஒப்பிட்டு எழுதிய புத்தகங்களை நிறையப் புரட்டியிருக்கிறேன். பெரும்பாலும் அட்டவணைதான்: இவர்களுக்கு ஒரு கடவுள், அவர்களுக்குப் பல, இவர்களுக்கு வேதம், அவர்களுக்கு வாய்மொழி. இதெல்லாம் தேர்வுத்தாளுக்கு ஆகும். டிலோரியா பிடித்த இடம் வேறு. ஐரோப்பியர் கொண்டுவந்த மதம் 'எப்போது' என்பதில் உயிர் வைத்திருக்கிறது, எங்கள் மக்களின் வழிபாடு 'எங்கே' என்பதில் உயிர் வைத்திருக்கிறது என்றார். அவர் எழுதியதில் எனக்கு ஒப்பாதவையும் உண்டு. கிறிஸ்தவத்தைப் பல இடங்களில் தேவைக்கு மேல் அடித்திருக்கிறார். ஆனால் இந்த ஒன்றை விட்டுவிட்டு அந்த ஊர்ச் சண்டைகளைப் புரிந்துகொள்ளவே முடியாது.

முதலில் 'எப்போது'. கத்தோலிக்கர்கள் ஒவ்வொரு ஞாயிறும் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் போஞ்சு பிலாத்து என்ற ரோமானிய அதிகாரியின் பெயர் வருகிறது. அவரைப் பெருமைப்படுத்தவா? இது இன்ன காலத்தில் உண்மையாக நடந்தது என்று சாட்சி வைப்பதற்கு. ஏதேன் தோட்டம் எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் போனதால் யாருடைய விசுவாசமும் ஆட்டம் காணவில்லை. பெத்லகேமில் வைக்கிற பூசைக்கும் வேறெந்த ஊரில் வைக்கிற பூசைக்கும் பலனில் வித்தியாசம் இல்லை என்பதுதான் அந்தச் சபையின் போதனை.

அடுத்து 'எங்கே'. தெற்கு டகோட்டாவின் கறுப்பு மலைகளுக்குத் தென்பக்கம் ஒரு குகை இருக்கிறது. இன்று அது 'விண்ட் கேவ்' தேசியப் பூங்கா. இயற்கையாக அமைந்த வாசல் ஒரு சின்னத் துளைதான். வெளிக்காற்றின் அழுத்தம் கூடினால் காற்று உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். 1881-இல் இதைப் பார்த்த வெள்ளைக்காரச் சகோதரர்கள் இருவரில் ஒருவருடைய தொப்பியைக் காற்று வீசி எறிந்துவிட்டதாம். இன்னொரு நாள் நண்பர்களைக் கூட்டிவந்து வேடிக்கை காட்டத் தொப்பியை வைத்தால், காற்று திசைமாறி அதை உள்ளே இழுத்துக்கொண்டதாம். பூங்காக்காரர்கள் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். அந்தப் பகுதியின் பழங்குடிகளான லகோத்தா மக்களுக்கு இந்தத் துளை, மனிதர்கள் பூமிக்கு அடியிலிருந்து மேலே வந்த வழி. எத்தனை ஆண்டுக்கு முன்னால் என்று அவர்களிடம் கேட்டால் அந்தக் கேள்வியே அவர்களுக்கு முக்கியமில்லை. இதே துளை என்பதுதான் முக்கியம். இதை மூடிவிட்டு, 'நடந்ததைத்தான் எழுதிவைத்திருக்கிறோமே, படித்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னால் அவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது.

டென்வரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஜூன் மாதத்தில், மருமகன் எங்களை வயோமிங் மாநிலத்தில் இருக்கும் டெவில்ஸ் டவருக்குக் காரில் அழைத்துப்போனார். அந்தப் பெயர் வெள்ளையர் வைத்தது. லகோத்தாக்களுக்கு அது கரடியின் வீடு. அடியிலிருந்து எண்ணூறு அடிக்கு மேல் நெட்டுக்குத்தாக எழுந்து நிற்கும் பாறை. தூண்களை நெருக்கி அடுக்கிக் கட்டிவைத்தாற்போல் இருக்கிறது. 1906-இல் தியடோர் ரூஸ்வெல்ட் அறிவித்த முதல் தேசிய நினைவுச்சின்னம் அதுதான். அடிவாரத்தைச் சுற்றிப் பைன் மரங்களுக்கு நடுவே நடைபாதை போட்டிருக்கிறார்கள். மரக்கிளைகளில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்புத் துணிகள். சில புதுசு, சில வெயிலில் வெளிறி நூல் நூலாகப் பிரிந்துவிட்டன. துணி நுனியில் சுண்டைக்காய் அளவு முடிச்சுகள் வரிசையாக இருந்தன. உள்ளே புகையிலைத் தூள். தொடாதீர்கள் என்று பலகை வைத்திருந்தார்கள். என் மனைவி மஞ்சள் துணி முடிந்த மரத்தடியில் தயக்கமே இல்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். யார் சாமி என்று அவள் கேட்கவில்லை.

தலையை நிமிர்த்தினால் பாறை மேல் கயிறு கட்டி இரண்டு பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஜூன் மாதம் அந்த மக்களுக்கு வழிபாட்டுக் காலம். அதனால் அந்த ஒரு மாதம் ஏற வேண்டாம் என்று 1995 முதல் பூங்கா நிர்வாகம் கேட்டுக்கொள்கிறது. பெரும்பாலானவர்கள் கேட்கிறார்கள், சிலர் கேட்பதில்லை.

"தடை போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே மாமா?" என்றார் மருமகன்.

"போட்டுப் பார்த்தார்கள் மாப்பிள்ளை" என்றேன்.

கூலிக்குக் கூட்டிப்போகும் வழிகாட்டிகளுக்கு ஜூனில் உரிமம் இல்லை என்று ஒரு விதி வந்தது. ஏறுகிறவர்கள் வழக்குப் போட்டார்கள். அரசு ஒரு மதத்துக்குச் சாதகமாக நடப்பதாகிவிடும் என்று 1996-இல் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. கேட்டுக்கொள்ளலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. அரசியல் சட்டப்படி பார்த்தால் நியாயம்தான். ஒரு தேவாலயத்தின் கோபுரத்தில் கயிறு கட்டி ஏறினால் அடுத்த நிமிடம் போலீஸ் வரும். ஏனென்றால் அது சபையின் சொத்து, பத்திரம் இருக்கிறது. பாறைக்குப் பத்திரம் அரசாங்கத்திடம். அந்த நாட்டுச் சட்டம், கட்டடம் கட்டி உள்ளே போய்க் கும்பிடுகிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதை அங்கே நின்றபோது முழுசாக உணர்ந்தேன்.

இதற்காக ஐரோப்பாவை, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே பிறந்த கண்டம் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கும் மரமும் சுனையும் சாமியாக இருந்தவைதான். 601-இல் பாப்பரசர் கிரகோரி, இங்கிலாந்துக்குப் போன தன் ஆட்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கோயில்களை இடிக்காதீர்கள், சிலைகளை மட்டும் எடுத்துவிட்டுத் தீர்த்தம் தெளித்துப் பீடம் வையுங்கள், ஜனங்கள் பழகிய இடத்துக்கே வரட்டும் என்பது அதன் சாரம். கெட்டிக்காரர். நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, ஜெர்மனியில் கெய்ஸ்மார் என்ற ஊரில் மக்கள் வணங்கிய தோனார் தெய்வத்தின் ஓக் மரத்தை போனிஃபாஸ் என்ற மிஷனரி வெட்டிச் சாய்த்து, அந்த மரத்திலேயே ஒரு ஜெபக்கூடம் கட்டினார். லித்துவேனியாவுக்கு 1387-இல்தான் ஞானஸ்நானம். இவ்வளவுக்கும் பிறகு ஸ்காட்லாந்தில் மன்லாக்கி என்ற ஊர்ச் சுனையருகே இன்றும் துணியை நனைத்து மரத்தில் கட்டுகிறார்கள். துணி மக்கினால் நோய் போகும் என்பது ஐதீகம். வயோமிங் பைன் மரத்தில் கட்டியதை எடுத்துப்போய் அங்கே கட்டினால் வித்தியாசம் தெரியாது. மாமியாரிடம் பட்ட மருமகள் தான் மாமியாரானதும் எதை எதைச் செய்வாளோ, அதைத்தான் ஐரோப்பா கடல் கடந்து போய்ச் செய்தது என்பது என் எண்ணம்.

எடுத்துச் செல்கிற மதமும் சில ஊர்களில் உட்கார்ந்துவிடுகிறது. மெக்சிகோவில் தெபெயாக் குன்றில் குவாதலூப்பே மாதா கோயிலுக்கு வருகிற பழங்குடிகள், அவளை டோனான்ட்சின் என்ற பழைய தாய்த் தெய்வத்தின் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்று பதினாறாம் நூற்றாண்டிலேயே சகாகூன் என்ற பிரான்சிஸ்கன் துறவி புலம்பி எழுதியிருக்கிறார். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்த நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நம் தென்மாவட்டங்களில் ஊரைவிட்டுத் தூரமாய்க் குடிபோகிறவர்கள் குலதெய்வக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப்போய்ப் புது ஊரில் நிலையம் போடுவார்கள். சாமி வரும், ஆனால் மண்ணோடுதான் வரும். டகோட்டாக்காரனும் பாதிரியாரும் பேசிக்கொள்வதை நாம் பாதி பாதியாவது புரிந்துகொள்ளலாம் என்று நான் நம்புவதற்கு இதுதான் காரணம்.

அப்படிப் பேசிக்கொண்ட ஒரு சந்தர்ப்பம் பதிவாகியிருக்கிறது. 1805 கோடையில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ க்ரீக்கில், பாஸ்டனிலிருந்து வந்த ஜேக்கப் க்ராம் என்ற மிஷனரி, செனக்கா மக்களின் தலைவர்களைக் கூட்டி, நீங்கள் இருட்டில் இருக்கிறீர்கள், உண்மையான மதம் ஒன்றுதான், அதைக் கற்பிக்க வந்திருக்கிறேன் என்றார். அவர்கள் தங்களுக்குள் கலந்து பேசியபின் பதில் சொன்னவர் சகோயேவாதா. பிரிட்டிஷ்காரர்கள் கொடுத்த சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்ததால் ரெட் ஜாக்கெட் என்று ஆங்கிலத்தில் பேர்.

அவர் பேச்சு பின்னால் ஆங்கிலத்தில் அச்சானது. சாரம் இது. நீங்கள் வந்தபோது கொஞ்சப் பேர். உட்கார இடம் கேட்டீர்கள், கொடுத்தோம். சோளமும் இறைச்சியும் தந்தோம், நீங்கள் சாராயம் தந்தீர்கள். இப்போது எங்களுக்குப் பாய் விரிக்கக்கூட இடமில்லை; அதுவும் போதாதென்று உங்கள் மதத்தையும் ஏற்கச் சொல்கிறீர்கள். கடவுளை வணங்க ஒரே வழிதான் என்கிறீர்கள். எல்லோரும் உங்கள் வேதப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள்தானே, பிறகு ஏன் உங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை? எங்கள் முன்னோர் கொடுத்த வழி எங்களுக்கு இருக்கிறது. நன்றியோடு இருக்கவும் ஒற்றுமையாக வாழவும் அது கற்றுத்தருகிறது, அதைப் பற்றி நாங்கள் சண்டை போடுவதில்லை. உங்கள் மதத்தை அழிக்க எங்களுக்கு விருப்பமில்லை, எங்களுடையதை வைத்துக்கொள்ளத்தான் கேட்கிறோம். அப்புறம் ஒரு போடு போட்டார்: இந்தப் பக்கத்து வெள்ளையர்களிடம் நீங்கள் பிரசங்கம் செய்துகொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டோம். அவர்கள் எங்கள் அண்டை வீட்டார். கொஞ்ச நாள் பார்க்கிறோம். அவர்கள் நல்லவர்களாகி, எங்களை ஏமாற்றுவதை நிறுத்தினால் மறுபடி யோசிக்கிறோம்.

பேசி முடித்து எல்லோரும் எழுந்து கைகுலுக்க வந்தார்கள். மிஷனரி கையை நீட்டவில்லை; கடவுளின் மதத்துக்கும் பிசாசின் வேலைக்கும் கூட்டு இல்லை என்றார். அவர்கள் சிரித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

என் மாணவர்கள் இந்த இடத்தில் கைதட்டுவார்கள். எனக்கும் பிடித்த இடம்தான். ஆனால் க்ராமைக் கெட்டவராக்கிவிட்டால் விஷயம் கை நழுவிவிடும். தன் கையில் இருப்பது உலகத்துக்கெல்லாம் பொது என்று உண்மையாகவே நம்புகிறவன் அதைச் சும்மா வைத்துக்கொண்டிருக்க முடியாது. பகிராமல் இருப்பதுதான் அவனுக்குப் பாவம். மண்ணோடு ஒட்டிய வழிபாட்டுக்காரனுக்கு அந்த அவசரம் இல்லை. என் மலை என் ஜனத்துக்கு, உனக்கு உன் ஊரில் ஏதாவது இருக்கும். அந்த அடக்கம் அழகுதான். ஆனால் ஊரை இழந்தவனுக்கு அதில் என்ன ஆறுதல்? கப்பலில் விலங்கோடு கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்கு மலையும் ஆறும் கூட வரவில்லை. எங்கும் கேட்கிற கடவுள் ஒருவர் அவர்களுக்குத் தேவைப்பட்டார்.

ரெட் ஜாக்கெட்டின் வாழ்க்கையில் பிற்பகுதியை அதிகம் பேர் சொல்வதில்லை. 1820-களில் அவருடைய மனைவியே கிறிஸ்தவரானார். ஊருக்கெல்லாம் உன் வழி உனக்கு, என் வழி எனக்கு என்று எடுத்துச் சொன்ன மனிதர் வீட்டைவிட்டு வெளியேறிவிட்டார். சில மாதம் கழித்துத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு மனைவி கோயிலுக்குப் போவதில் அவர் குறுக்கே நிற்கவில்லை என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1830 ஜனவரியில் அவர் இறந்தபோது அடக்கம் கிறிஸ்தவ முறையில், மிஷன் கல்லறையில் நடந்தது. 1884-இல் எலும்புகளை எடுத்து பஃபலோ நகரத்துப் பெரிய கல்லறைத் தோட்டத்தில் மறுபடி புதைத்தார்கள்.

பஃபலோ க்ரீக் பேச்சைவிட அந்தத் திரும்பி வந்த நாளைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மேடையில் பொறுமை எளிது. வீட்டில், ஒரே அடுப்புக்கு முன்னால், தினமும் முகம் பார்க்கிறவர் வேறு பக்கம் திரும்பிக் கும்பிடும்போதுதான் நாம் யார் என்று தெரியும். பிள்ளை மதம் மாறிவிட்டான், மருமகள் வேறு சபைக்காரி என்று என்னிடம் வந்து அழுகிற நண்பர்களுக்கு நான் தத்துவம் எதுவும் சொல்வதில்லை. போனைப் போடுங்கள், பேரன் சாப்பிட்டானா என்று கேளுங்கள் என்று மட்டும் சொல்வேன். வயதானவர்கள் வீட்டைவிட்டுப் போகிற கோபத்தில் நிறைய நாள் இருக்க முடியாது, உடம்பு இடம் கொடுக்காது.

குடும்பத்தில் திரும்பி வர வழி உண்டு, அரசாங்கத்தில் அது சுலபமில்லை. 1883-இல் பழங்குடிச் சடங்குகளைக் குற்றமாக்கி அமெரிக்க அரசு விதி போட்டது. சூரிய நடனம் ஆடினால் ரேஷன் வெட்டு. முகாம்களில் அடைபட்டு ரேஷனை நம்பியிருந்த ஜனத்துக்கு அது சாதாரணத் தண்டனை அல்ல. மதச் சுதந்திரத்தை அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்திலேயே எழுதிவைத்த நாடு, பழங்குடிகளுக்கும் அது உண்டு என்று தனியாக ஒரு சட்டம் போட 1978 ஆயிற்று.

அந்தச் சட்டத்துக்கு எவ்வளவு பல் இருந்தது என்பது பத்து வருடத்தில் தெரிந்தது. கலிபோர்னியாவின் வடமேற்கு மூலையில் யூரோக், கரூக், டோலோவா மக்கள் தவத்துக்கும் மருந்துக்கும் ஏறிப்போகும் மலைப்பகுதி இருக்கிறது. அதன் வழியே ஆறு மைல் சாலை போட வனத்துறை நினைத்தது. துறையே ஏற்பாடு செய்த ஆய்வு, போடாதீர்கள், அவர்கள் வழிபாட்டுக்குத் திருத்த முடியாத சேதம் வரும் என்று எழுதிக்கொடுத்தது. இருந்தும் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1988-இல் ஐந்துக்கு மூன்று என்று தீர்ப்பு. சாலையால் அவர்கள் மதத்தையே கடைப்பிடிக்க முடியாமல் போகலாம் என்று வைத்துக்கொண்டாலும், யாரும் அவர்களைக் கும்பிடாதே என்று கட்டாயப்படுத்தவில்லை, நிலம் அரசாங்கத்துடையது என்றது பெரும்பான்மை. நம்பிக்கை நெஞ்சுக்குள் இருக்கிற பொருள், அதற்கு இடம் எதற்கு என்று வளர்ந்தவர்கள் எழுதிய தீர்ப்பு. கெட்ட எண்ணம் தேவையே இல்லை, பழக்கம் போதும். கடைசியில் சாலை வரவில்லை. 1990-இல் நாடாளுமன்றம் அந்தப் பகுதியைக் காட்டுப் பாதுகாப்பில் சேர்த்தது. சாமியைக் காப்பாற்ற முடியாத சட்டம் மரத்தைக் காப்பாற்றியது.

கறுப்பு மலைகளின் கதையில் பணம் வந்து நிற்கிறது. 1868 ஒப்பந்தத்தில் லகோத்தாக்களுக்கு என்று எழுதிக்கொடுத்த மலை. 1874-இல் கஸ்டர் என்ற ராணுவ அதிகாரி படையோடு போய்த் தங்கம் இருக்கிறது என்றார். 1877-இல் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டார்கள். 1980-இல் உச்ச நீதிமன்றம் அது தவறு என்று ஒப்புக்கொண்டு, வட்டியோடு பத்துக் கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு என்றது. அந்த மக்கள் வாங்க மறுத்தார்கள். அரசுக் கணக்கில் வட்டி ஏறி இப்போது நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவிலேயே பரம ஏழ்மையான மாவட்டங்களில் சில அவர்கள் வாழும் இடங்கள். மலை விற்பனைக்கு இல்லை என்று இன்றும் சொல்கிறார்கள். என் மருமகனுக்கு இது பிடிவாதமாகத் தெரிந்தது. எனக்கு அப்படித் தெரியவில்லை; ஆனால் அவர்களில் ஒரு இளைஞன் வாங்கிக்கொண்டால்தான் என்ன என்று கேட்டால் அவனிடம் நான் வாதாட மாட்டேன். பசிக்கிறவன் அவன்.

அந்த மலைகளின் உச்சிச் சிகரத்துக்கு 2016-இல் பிளாக் எல்க் சிகரம் என்று பெயர் மாற்றினார்கள். அவர் ஒன்பது வயதில் தரிசனம் கண்டவர், 1890-இல் வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்கப் படை லகோத்தாக்களைக் கொன்று குவித்த படுகொலையைப் பார்த்தவர், ஓக்லாலா லகோத்தா மருத்துவர். 1904-இல் ஒரு நோயாளிப் பையனுக்குச் சடங்கு செய்துகொண்டிருந்தபோது, அவனுக்கு ஏற்கெனவே ஞானஸ்நானம் கொடுத்திருந்த சேசுசபைப் பாதிரியார் உள்ளே வந்து, மேளத்தையும் கிலுகிலுப்பையையும் பிடுங்கி எறிந்து அவரை வெளியே தள்ளினாராம். அவருடைய மகள் பிற்காலத்தில் சொன்ன கதை. வெளியே சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தவரைப் பாதிரியார் தன்னோடு கூட்டிப்போனார். அந்த டிசம்பர் 6-ஆம் தேதி, புனித நிக்கொலாஸ் திருநாளில், பிளாக் எல்க் ஞானஸ்நானம் பெற்று நிக்கொலாஸ் ஆனார். பிறகு பல ஆண்டுகள் உபதேசியார் வேலை. ஜெபமாலையைக் கையில் பிடித்து ஒரு சின்னப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கும் அவர் புகைப்படம் இருக்கிறது. நூற்றுக்கணக்கானவர்களைச் சபைக்குக் கொண்டுவந்தார்.

1931-இல் ஜான் நைஹார்ட் என்ற கவிஞர் வந்து கேட்டபோது பழைய தரிசனத்தை எல்லாம் சொன்னார். அடுத்த ஆண்டு வந்த 'பிளாக் எல்க் ஸ்பீக்ஸ்' உலகப் புகழ் பெற்றது. அதில் அவருடைய உபதேசியார் வாழ்க்கை இல்லாததுபோலவே இருக்கும். பங்குக் குருமார்கள் பதறினார்கள். தான் கத்தோலிக்கன்தான் என்று அவர் கடிதம் எழுத வேண்டிவந்தது. அதே காலத்தில் கோடைதோறும் சுற்றுலாப் பயணிகளுக்குப் பழைய சடங்குகளை நடித்துக் காட்டிக்கொண்டும் இருந்தார். மலையைப் பிடுங்கி, நடனத்தைத் தடைசெய்து, ஜனத்தை முகாமில் அடைத்த பிறகு, கையில் எடுத்துப்போகக்கூடிய ஒரு நம்பிக்கை அவருக்கு வேண்டியிருந்திருக்கும் என்று நினைக்கிறேன். எடுத்துக்கொண்டார். பழசைக் கீழே போட்டுவிட்டுத்தான் எடுத்தார் என்பதற்கு எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

1950-இல் அவர் இறந்தார். 2017-இல் ராப்பிட் சிட்டி மறைமாவட்டம் அவருக்குப் புனிதர் பட்டம் கேட்டு விசாரணையைத் தொடங்கியது. கேட்டு மனுக் கொடுத்தவர்களில் அவர் பேரன் ஒருவரும் உண்டு. அவரைப் பழைய வழியின் பெரியவராக மட்டுமே பார்க்கிற லகோத்தாக்கள் இதை விரும்பவில்லை. கோப்பு ரோமில் இருக்கிறது. இரண்டு கட்சியாரும் அவரை முழுசாகத் தங்களுக்கே கேட்கிறார்கள். உயிரோடு இருந்தவரை அவர் யாருக்கும் அப்படிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.